திசை தெரியும், தூரம் தெரியாது

1945ஆம் ஆண்டு, பிப்ரவரி 9. நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் நகரத்துக்கு வடமேற்கே ஃபெட்யே என்று ஒரு சின்னத் தீவு. அதை ஒட்டிய கடலில், தண்ணீருக்கு அடியில், பிரிட்டனின் 'வெஞ்சரர்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் காத்துக்கொண்டிருந்தது. அதன் கேப்டன் ஜிம்மி லாண்டர்ஸுக்கு வயது 25. நம்மூரில் எம்.இ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் வயது!

அவர் காத்திருந்தது யு-864 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக்காக. ஜெர்மானியர்களின் ரகசியச் செய்திகளைப் பிரிட்டன் உடைத்துப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஜப்பானுக்குப் போகும் அந்தக் கப்பலில் ஜெட் எஞ்சின் பாகங்களும், இரும்புக் குடுவைகளில் அடைத்த 67 டன் பாதரசமும் இருந்தன. உண்மையில் யு-864 தப்பித்துவிட்டது. வெஞ்சரர் வருவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் அதன் எஞ்சினில் ஏதோ கோளாறு. சத்தம் கன்னாபின்னாவென்று வந்தது. சத்தம் போடும் நீர்மூழ்கி என்பது பிணத்துக்குச் சமம். எனவே அதன் கேப்டன் ரால்ஃப்-ரைமர் வோல்ஃப்ராம் பழுது பார்க்க பெர்கனுக்கே திரும்பினார். அதே வழியில்.

வெஞ்சரரில் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்த ஆளுக்கு ஒரு வினோதமான சத்தம் கேட்டது. முதலில் ஏதோ மீன்பிடிப் படகின் டீசல் எஞ்சின் என்றுதான் நினைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து பெரிஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்குத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய குழாய் தெரிந்தது. படகு இல்லை. நீர்மூழ்கி.

இந்த இடத்தில் லாண்டர்ஸ் எடுத்த ஒரு முடிவில்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே இருக்கிறது. அவரிடம் சோனார் இருந்தது (அந்நாளில் பிரிட்டிஷார் அதை 'ஆஸ்டிக்' என்பார்கள்). ஒரு 'பிங்' சத்தத்தை அனுப்பினால், அது எதிரியின் மேல் பட்டுத் திரும்பி வரும். கடல் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். போய்வர நான்கு விநாடி ஆனால் தூரம் 3 கிலோமீட்டர். ஆறாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அந்த 'பிங்' எதிரிக்கும் கேட்கும். இருட்டு வீட்டில் திருடனைத் தேடும்போது டார்ச் அடிப்பது போலத்தான். திருடன் எங்கே என்று உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நீங்கள் எங்கே என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். லாண்டர்ஸ் சோனாரைத் தொடவில்லை. வெறும் காதை மட்டும் நம்பினார்.

கேட்பது ஒன்றும் புது உத்தி இல்லை. 1490 வாக்கிலேயே லியனார்டோ டா வின்சி, ஓடும் கப்பலை நிறுத்திவிட்டு ஒரு நீண்ட குழாயின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் தூரத்துக் கப்பல்கள் கேட்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். முதல் உலகப் போரில் அந்தக் குழாய் ஹைட்ரோஃபோன் ஆனது. கேட்பதில் சிக்கல் இல்லை. கேட்டதை வைத்து என்ன சொல்ல முடியும் என்பதில்தான் சிக்கல்.

காது சொல்வது திசையை மட்டும்தான். தூரத்தைச் சொல்லாது.

ராத்திரி மொட்டை மாடியில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டிச் சத்தம் இடப்பக்கமிருந்து வலப்பக்கமாக மெல்ல நகர்கிறது. பக்கத்துத் தெருவில் மெதுவாகப் போகும் டி.வி.எஸ். 50-ஆ? இல்லை, தூரத்து பைபாஸில் வேகமாகப் போகும் லாரியா? சத்தத்தின் அளவை வைத்துச் சொல்லலாமே என்பீர்கள். வண்டி எது என்று தெரிந்திருந்தால் சொல்லலாம். கடலில் எதிரியின் எஞ்சின் எவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் நமக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. அதோடு தண்ணீரின் வெப்பநிலையும் உப்பும் ஒலியை வளைத்து வேறு விடும்.

கணக்காகச் சொன்னால், 1 கிலோமீட்டர் தூரத்தில் 5 நாட் வேகத்தில் போகும் கப்பலும், 2 கிலோமீட்டரில் 10 நாட்டில் போகும் கப்பலும், 4 கிலோமீட்டரில் 20 நாட்டில் போகும் கப்பலும் நின்றுகொண்டு கேட்பவனுக்கு ஒரே மாதிரிதான். ஒவ்வொரு நிமிடமும் அதே கோணம். ஒரு டிகிரிகூட வித்தியாசம் வராது. எத்தனை மணி நேரம் கேட்டாலும், எவ்வளவு துல்லியமான கருவி வைத்திருந்தாலும் இந்த மூன்றையும் பிரிக்க முடியாது. கருவியின் குறை இல்லை இது. தகவலே அங்கே இல்லை.

லாண்டர்ஸுக்கு இந்தக் கணிதமெல்லாம் தேற்றமாகத் தெரிந்திருக்காது, தேவையும் இல்லை. எதிரியோடு கூடவே போய்க்கொண்டு, சத்தம் வரும் திசை எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். அவ்வப்போது பெரிஸ்கோப்பில் அந்தக் குழாய் தென்படும். யு-864 நேராகப் போகவில்லை, வளைந்து வளைந்து போனது. அதையே அவர் சாதகமாக்கிக்கொண்டார். எத்தனை நேரத்துக்கு ஒரு முறை திரும்புகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு ஒழுங்கைப் பிடித்தார். எதிரி மேலே வருவான், அப்போது அடிக்கலாம் என்று மணிக்கணக்கில் பின்தொடர்ந்தார். அவன் வரவில்லை. வெஞ்சரரின் பேட்டரி குறைந்துகொண்டே போனது.

மதியம் 12.12 மணிக்கு நான்கு டார்பிடோக்களை விட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவே 17 விநாடி சொச்சம் இடைவெளி. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆழத்தில். இதைக் கவனியுங்கள். 'எதிரி இங்கேதான் இருக்கிறான்' என்று நம்பிய ஆள் நான்கையும் ஒரே இடத்துக்கு விட்டிருப்பான். லாண்டர்ஸ் தன் சந்தேகத்தின் மேல் நான்கையும் பரப்பினார். தனக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் அந்த இடைவெளிக்குள் கணக்கில் சேர்த்தார். யு-864 டார்பிடோக்களின் சத்தத்தைக் கேட்டு ஆழத்துக்குப் போய்த் திரும்பியது. மூன்று தவறின. நான்காவது பட்டது. உள்ளே இருந்த 73 பேரும் இறந்தார்கள். இரண்டு நீர்மூழ்கிகளும் நீருக்கு அடியில் இருக்கும்போதே ஒன்று மற்றொன்றைத் திட்டமிட்டு மூழ்கடித்ததாக ஆவணமுள்ள ஒரே நிகழ்வு இன்றுவரை இதுதான்.

சரி, கடலை விட்டுக் கொஞ்சம் வானத்துக்குப் போக வேண்டும். ஏனென்றால் 'கோணம் மட்டும் தெரியும், தூரம் தெரியாது' என்ற இதே கணக்கைக் கடற்படைக்காரர்களுக்கு நூற்றைம்பது வருடம் முன்பே ஒருவர் போட்டுவிட்டார்.

1801 ஜனவரி 1 அன்று, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஜியுசெப்பே பியாட்சி என்ற பாதிரியார்-வானியலாளர் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார். இன்று அதன் பெயர் சீரிஸ். 41 நாட்கள் பார்த்துக் குறித்தார். பிறகு நோய்வாய்ப்பட்டார். அதற்குள் சீரிஸ் சூரியன் பக்கமாகப் போய் மறைந்தது. மறுபடி எங்கே தேடுவது? பியாட்சியிடம் இருந்தவை சில கோணங்கள் மட்டுமே. 24 வயது கார்ல் ஃப்ரீட்ரிஷ் காஸ் அந்தக் கோணங்களை வைத்துப் பாதையைக் கணக்கிட்டார். அந்த ஆண்டின் கடைசியில் அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே சீரிஸ் மறுபடி கிடைத்தது.

காஸால் எப்படி முடிந்தது? அவரிடம் இரண்டு வசதிகள் இருந்தன. ஒன்று, சீரிஸ் தன் இஷ்டத்துக்குப் போக முடியாது. சூரியனின் ஈர்ப்பு விதிக்குக் கட்டுப்பட்டே போக வேண்டும். இரண்டாவது, பார்க்கிறவர் நிற்கும் பூமி நேர்கோட்டில் போவதில்லை. அது வளைந்து வளைந்து சூரியனைச் சுற்றுகிறது. பார்ப்பவனே திரும்பிக்கொண்டிருக்கிறான். இந்த இரண்டாவது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் கடலுக்கு அடியில் மறுபடி வரும்.

அளவுகளில் பிழை இருக்கும்போது எல்லா அளவுகளுக்கும் கூடுமானவரை பொருந்தும் விடையை எடுப்பதுதான் மீச்சிறு வர்க்க முறை. பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் எந்த விடைக்குக் கூட்டல் மிகக் குறைவோ, அதுவே நல்ல விடை. இதை முதலில் அச்சிட்டவர் ஃபிரான்ஸின் லெஜாந்த்ர், 1805ல். காஸ் 1809ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் '1795லிருந்தே நான் இதைப் பயன்படுத்தி வருகிறேன்' என்று எழுதினார். லெஜாந்த்ருக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நேர்கோடு பொருத்தும்போது மனப்பாடம் செய்கிறோமே, அதே முறைதான். அதற்குப் பின்னால் இப்படி ஒரு சண்டை இருப்பது பாடப்புத்தகத்தில் வராது.

திரும்பக் கடலுக்கு. போர் முடிந்தது, பனிப்போர் தொடங்கியது. இரண்டு பக்கமும் அணுசக்தி நீர்மூழ்கிகள். மாதக்கணக்கில் மேலே வராமல், ஒன்றின் பின்னால் ஒன்று, சத்தம் காட்டாமல் போகும் விளையாட்டு. 'பிங்' அடிப்பது அவமானம் என்ற அளவுக்குப் போனது. எனவே காதை வைத்துத் தூரம் சொல்வது அப்போதுதான் அவசரத் தேவை ஆனது.

1958ல் அமெரிக்கக் கடற்படையின் ஜான் எகெலுண்ட் என்ற இளம் லெஃப்டினன்ட் ஒரு எளிய வழியைச் சொன்னார். (பின்னாளில் ரியர் அட்மிரல் ஆனார்.) அவர் பெயராலேயே அது 'எகெலுண்ட் தூரம்' என்று வழங்குகிறது. யோசனை இவ்வளவுதான்: எதிரியின் தூரம் தெரிய வேண்டுமா? நீ திரும்பு.

ஏன் திரும்ப வேண்டும்? நேராகப் போனால் போதாதா? அசையாத கலங்கரை விளக்கமாக இருந்தால் போதும். இரண்டு இடத்திலிருந்து இரண்டு கோணம் எடுத்தால் முக்கோணம் முடிந்துவிடும். ஆனால் எதிரியும் நகர்கிறான். கோணம் மாறியது என்னால் எவ்வளவு, அவனால் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நான் ஒரே வேகத்தில் நேராகப் போகும்வரை, மொட்டை மாடியில் படுத்திருப்பவனுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை. நான் திரும்பினால்தான் கதை மாறுகிறது. எதிரி அதே போக்கில் போக, என் பங்கு மட்டும் மாறுகிறது. அந்த மாற்றத்தால் கோணம் எவ்வளவு கூடுதலாக ஓடியது என்று பார்த்தால் தூரம் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவன் என்றால் நான் கொஞ்சம் அசைந்தாலே கோணம் எகிறும். தூரத்தில் இருப்பவன் என்றால் அசையவே மாட்டான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம். சத்தம் வரும் கோட்டுக்குக் குறுக்கே நம் கப்பல் முதலில் வலப்பக்கம் 6 நாட் வேகத்தில் போகிறது. அப்போது சத்தம் நிமிடத்துக்கு அரை டிகிரி இடப்பக்கமாக நகர்கிறது. பிறகு திரும்பி, இடப்பக்கம் அதே 6 நாட். இப்போது சத்தம் நிமிடத்துக்கு 2.5 டிகிரி வலப்பக்கமாக நகர்கிறது. நம் வேகத்தில் வந்த மாற்றம் 12 நாட், அதாவது நிமிடத்துக்கு 370 மீட்டர். கோண ஓட்டத்தில் வந்த மாற்றம் 3 டிகிரி, ரேடியனில் சுமார் 0.052. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். அவ்வளவுதான், தூரம் கிடைத்துவிட்டது! எதிரியின் வேகமும் போக்கும் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைப் பாருங்கள். கழித்தலில் அவை அடிபட்டுப் போய்விட்டன.

அழகான வழிதான், ஆனால் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. அந்த 3 டிகிரியை அளப்பதில் அரை டிகிரி பிசகினால்? 2.5 என்று அளந்தால் தூரம் எட்டரை கிலோமீட்டர். 3.5 என்று அளந்தால் ஆறு கிலோமீட்டர். கோணத்தில் வரும் சின்னப் பிழை தூரத்தில் கிலோமீட்டர் கணக்கில் பூதமாகிறது. அதுவும் சமமாக இல்லை, தூரப் பக்கம் அதிகமாக, கிட்டப் பக்கம் குறைவாக. இந்தக் கோணல், பின்னால் வந்த எல்லோரையும் படுத்தி எடுத்தது.

அமெரிக்க நீர்மூழ்கிகளில் 'மேட்' என்று ஒரு கருவி வந்தது. கணினித் திரையில் மேலிருந்து கீழாகப் புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வித்தியாசம்: 'எதிரி இப்படிப் போனால் சத்தம் இந்தக் கோணத்தில் வர வேண்டும்' என்பதற்கும், உண்மையில் வந்த கோணத்துக்கும் உள்ள இடைவெளி. உட்கார்ந்திருப்பவர் தூரம், போக்கு, வேகம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோடாக அடுக்கி நின்றால் விடை பொருந்துகிறது என்று அர்த்தம். அதாவது காஸின் மீச்சிறு வர்க்க முறையை ஒரு மனிதன் கண்ணாலும் விரலாலும் செய்துகொண்டிருக்கிறான். அனுபவசாலிகள் மடமடவென்று புள்ளிகளை அடுக்கிவிடுவார்களாம். ஆனால் கப்பல் இன்னும் திரும்பவில்லை என்றால், தப்பான தூரத்துக்கும் புள்ளிகள் அதே அழகோடு அடுக்கி நிற்கும். 1 கிலோமீட்டருக்கும் நிற்கும், 4 கிலோமீட்டருக்கும் நிற்கும். திரையைப் பார்த்து அது தெரியாது.

இதற்கிடையில் 1960ல் ருடால்ஃப் கால்மன் தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், 2016ல் காலமானார். கால்மன் வடிகட்டி என்பது மீச்சிறு வர்க்க முறையை ஓட்டத்திலேயே செய்யும் ஏற்பாடு. எல்லா அளவுகளையும் சேர்த்து வைத்துப் போட வேண்டியதில்லை. இதுவரை என்ன நம்புகிறோம், அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதி என்ற இரண்டையும் வைத்துக்கொண்டால் போதும். புது அளவு வந்ததும் இரண்டையும் திருத்திக்கொண்டு பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாம். நாசாவின் ஸ்டான்லி ஷ்மிட் குழு இதை நேர்கோடில்லாத கணக்குகளுக்கும் நீட்டித்து நிலவுப் பயணத்துக்குத் தயார் செய்தது. அப்பல்லோவையே நிலவுக்குக் கொண்டுபோன கணக்கு, கேவலம் ஒரு நீர்மூழ்கியைப் பிடிக்காதா என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பிடிக்கவில்லை. இந்த வரலாற்றிலேயே சுவாரசியமான பகுதி இதுதான்.

வடிகட்டி சில சமயம் அற்புதமாக வேலை செய்தது. சில சமயம் எந்தக் காரணமும் இல்லாமல் எங்கேயோ போய் நின்றது. எதிரி 8 கிலோமீட்டரில் இருக்க, 3 கிலோமீட்டர் என்று அடித்துச் சொல்வது போன்ற தவறுகள். தவறுவது பெரிதில்லை. தவறும்போது 'எனக்கு நிச்சயமாகத் தெரியும்' என்று சேர்த்துச் சொன்னது. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் இருந்த அமெரிக்கக் கடற்படையின் நீரடி ஆய்வு மையத்தைச் சேர்ந்த வின்சென்ட் அய்டாலா, 1979ல் வெளியிட்ட கட்டுரையில் இதன் காரணத்தைப் பிரித்துக் காட்டினார்.

கோணத்துக்கும் இடத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை. வடிகட்டிக்கோ நேர்கோடுதான் தெரியும். எனவே ஒவ்வொரு அடியிலும் தன் அப்போதைய ஊகத்தின் பக்கத்தில் ஒரு நேர்கோட்டைப் போட்டு அதையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. ஊகம் தப்பு என்றால் கோடும் தப்பு. கப்பல் இன்னும் திரும்பவே இல்லை, தூரத்தைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. ஆனால் இந்தத் தப்புக் கோடுகள் ஒவ்வொரு அடியிலும் சற்றே வேறு வேறு பக்கம் சாய்வதால், தூரத்தைப் பற்றி ஏதோ கற்றுக்கொண்டதாக வடிகட்டி நம்பிக்கொள்கிறது. சந்தேகத்தின் அளவு சரசரவென்று சுருங்குகிறது. கடைசியில் கப்பல் திரும்பி, உண்மையான தகவல் வரும்போது, வடிகட்டி அதை மதிப்பதே இல்லை. 'எனக்குத்தான் தெரியுமே' என்கிறது.

விடையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஸ்டெப்ஸ் எழுதும் மாணவனைப் பரீட்சை ஹாலில் பார்த்திருப்பீர்கள். அதேதான். (பார்த்ததே இல்லை என்பவர்கள் கண்ணாடி முன் நிற்கவும் :-) )

இதற்கு மருந்து தேடியே அடுத்த சில வருடங்கள் போயின. சமன்பாட்டை வளைத்து நேர்கோடு போல எழுதிப் பார்த்தார்கள். அது எகிறவில்லை, ஆனால் விடை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 1981ல் நார்டோனும் அய்டாலாவும் எப்போது தூரம் தெரியும், எப்போது தெரியவே தெரியாது என்பதைத் தேற்றமாகவே நிறுவினார்கள். எதிரி நேராக ஒரே வேகத்தில் போனால் நீ திரும்பியே ஆக வேண்டும். அதிலும் எல்லாத் திருப்பமும் உதவாது, சில வகைத் திருப்பங்கள் கோணத்தில் புதிதாக எதையும் சேர்க்காது. எகெலுண்ட் அனுபவத்தில் சொன்னது இப்போது நிரூபணம் ஆனது.

1983ல் அய்டாலாவும் ஹாமலும் கொண்டுவந்த வழி கொஞ்சம் யோசித்து ரசிக்க வேண்டியது. இடம் எது, வேகம் எது என்று கேட்காதே என்றார்கள். கோணம், கோணம் மாறும் வேகம், தூரத்தோடு ஒப்பிட்டால் தூரம் மாறும் வீதம், கடைசியாக ஒன்றின் கீழ் தூரம் என்று நான்கு அளவுகளை வைத்தார்கள். முதல் மூன்றும் திரும்பாமலே தெரியும். நான்காவது திரும்பினால்தான் தெரியும். தெரிந்ததையும் தெரியாததையும் தனித்தனி அறைகளில் பூட்டிவிட்டார்கள். கப்பல் திரும்பும்வரை நான்காவது அறைக்குள் வடிகட்டி கை வைக்க முடியாது. பொய் நம்பிக்கை அதோடு பெருமளவு அடங்கியது. புதுக் கணிதம் எதுவும் இல்லை, அதே கால்மன்தான். கேள்வியை எழுதும் விதம் மட்டும் மாறியது.

எல்லா அளவுகளையும் ஒன்றாக வைத்து அதிகபட்ச நிகழ்தகவுள்ள விடையைத் தேடும் முறையும் அதே காலத்தில் வளர்ந்தது. அதில் கிடைக்கும் சந்தேகப் பரப்பை வரைந்தால் அது வட்டமாக இருக்காது. சத்தம் வரும் கோட்டின் மேல் நீட்டிப் படுத்த வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் மெலிந்து, தூரத்தில் நீண்டு. இந்தியாவிலும் விசாகப்பட்டினத்தின் கடற்படை ஆய்வகத்திலிருந்து இந்தத் துறையில் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

இனி 1993. அந்த ஆண்டு மார்ச் 20 அன்று பாரன்ட்ஸ் கடலில் அமெரிக்காவின் 'கிரேலிங்', ரஷ்யாவின் 'நொவொமொஸ்கோவ்ஸ்க்' என்ற ஏவுகணை நீர்மூழ்கியைச் சத்தமில்லாமல் பின்தொடர்ந்தது. ரஷ்யக் கப்பல் திரும்பியது, தொடர்பு அறுந்தது. மறுபடி பிடிக்கப் போன கிரேலிங்குக்குச் சத்தம் திரும்பக் கேட்டபோது இரண்டும் மிக நெருங்கிவிட்டிருந்தன. மோதின. நேருக்கு நேர் வரும் கப்பலின் கோணம் மாறவே மாறாது என்பதை யோசித்துப் பாருங்கள். தூரத்தில் நிற்பதும் நம் மேலேயே வருவதும் காதுக்கு ஒன்றுதான். இரண்டு கப்பலிலும் அணு உலைகள், ஒன்றில் அணு ஏவுகணைகளைச் சுமக்கும் வசதி. நல்லவேளை, யாரும் சாகவில்லை. அடுத்த மாதம் வான்கூவரில் சந்தித்தபோது க்ளின்டன் யெல்ட்சினிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது.

அதே ஏப்ரல் மாதத்தில் பிரிட்டனில் கார்டன், சால்மண்ட், ஸ்மித் என்ற மூவரின் கட்டுரை ஒன்று வெளியானது. மோதலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, காலம் மட்டும் ஒத்துப்போனது. இன்று துகள் வடிகட்டி என்று எல்லோரும் சொல்லும் முறை அந்தக் கட்டுரையிலிருந்துதான் பரவியது. அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமே கோணத்தை மட்டும் வைத்துப் பின்தொடரும் இந்தக் கணக்குதான்.

நேர்கோடு, வெள்ளரிக்காய் எதுவும் வேண்டாம் என்றார்கள். ஆயிரக்கணக்கில் ஊகக் கப்பல்களைக் கணினிக்குள் மிதக்க விடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரம், ஒரு போக்கு, ஒரு வேகம். புதுக் கோணம் வந்ததும் அதற்குப் பொருந்தும் கப்பல்களைப் பெருக்கு, பொருந்தாதவற்றை அழித்துவிடு. மறுபடி ஓட விடு. கப்பல் திரும்பும்வரை கூட்டம் 1 கிலோமீட்டரிலிருந்து கடைசிவரை நீண்டு கிடக்கும். திரும்பியதும் தானாக ஒரு இடத்தில் குவியும். கணினி மலிந்ததால்தான் இது முடிந்தது. அய்டாலா காலத்துக் கப்பல் கணினியில் இதைப் போட்டிருந்தால் விடை வருவதற்குள் எதிரி ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். இதிலும் தொல்லை உண்டு. தவறான கப்பல்களே பெருகிப் பெருகி, உண்மையான இடத்தில் ஒரு துகள்கூட மிஞ்சாமல் போய்விடும். பழைய பொய் நம்பிக்கையேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு.

2009 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் 'வான்கார்ட்', ஃபிரான்ஸின் 'த்ரியோம்ஃபான்' என்ற இரண்டு அணு ஏவுகணை நீர்மூழ்கிகள் மோதிக்கொண்டன. இரண்டும் அவ்வளவு அமைதி, ஒன்று மற்றொன்றைக் கேட்கவே இல்லை. கேட்காத சத்தத்துக்கு எந்த வடிகட்டியும் இல்லை.

யு-864ஐ 2003ல்தான் நார்வே கடற்படை கண்டுபிடித்தது. ஃபெட்யேக்குப் பக்கத்தில் சுமார் 150 மீட்டர் ஆழத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தது. பாதரசக் குடுவைகள் துருப்பிடித்துக் கசிந்திருந்தன. அந்த இடத்தைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கத்து மீனைச் சாப்பிட வேண்டாம் என்று சொன்னார்கள். வெஞ்சரரைப் போர் முடிந்த மறு வருடமே, 1946ல், பிரிட்டன் விற்றுவிட்டது. வாங்கியது நார்வேதான். 'உட்ஸ்டைன்' என்று பெயர் மாற்றி, 1960கள்வரை ஓட்டினார்கள்.